பனிக்கடலில் ஒரு புள்ளி

என் தம்பி ஹபீல் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பது ஒரு வெள்ளைப் புள்ளியில் வந்து நின்றது. கடுகை விடச் சின்னப் புள்ளி. எங்கள் வீட்டில் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த ஒரே ஆள் அவன் மனைவி மஸீனா. அவளைத்தான் நாங்கள் இத்தாவில் உட்கார வைத்துவிட்டு, கையிலிருந்த போனையும் வாங்கிக்கொண்டோம். புருஷன் இறந்தால் பெண் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல், வெள்ளை உடுத்து நாலு மாதமும் பத்து நாளும் இருக்க வேண்டியதுதான் இத்தா. போனை வாங்கச் சொல்லிப் பள்ளிவாசல் ஹஸ்ரத் சொல்லவில்லை, மார்க்கமும் சொல்லவில்லை. ஆண்களின் படமும் குரலும் வரும் சாமான் அறைக்குள் ஆகாது என்பது எங்கள் உம்மாவின் சட்டம். உம்மாவின் சட்டத்துக்கு மேல் எங்கள் வீட்டில் கோர்ட் கச்சேரி கிடையாது.

ஹபீல் கப்பலில் சமையற்காரன். எங்கள் ஊர் அலவத்துகொடையிலிருந்து கண்டிக் கடைகளுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், கட்டாருக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். கடலுக்குப் போக எங்கள் வீட்டிலிருந்துதான் ஒருவன் கிளம்பினான். கொஞ்சக் காலம் வெயில் கடல்களில் ஓடினான். பிறகு, சம்பளம் கூட என்று நிவேரா என்ற பழைய சரக்குக் கப்பலில் ஏறினான். அது ரஷ்யாவுக்கு மேலே, உலகத்தின் உச்சந்தலையில் உள்ள கடலால் போகும் கப்பல். கோடையில் அந்தக் கடல் திறந்திருக்குமாம். குளிர் வந்தால் உறைந்து மூடிவிடுமாம். மூடுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

மேலே கப்பலோட்டும் அறைக்குத் தேநீர் கொண்டுபோகும்போது, அதிகாரிகள் ஐஸ் படத்தை விரித்துவைத்துப் பேசிக்கொள்வதை ஹபீல் பார்த்திருக்கிறான். வானத்தில் சுற்றும் செய்மதி எடுக்கும் அந்தப் படங்களை யாரும் பார்க்கலாம், காசு இல்லை என்று தெரிந்ததும் மஸீனாவுக்கு இணைய விலாசம் அனுப்பிவிட்டான். அவள் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவள். பிடித்துக்கொண்டாள். பள்ளி விட்டு வந்து பர்தாவைக் கழற்றுவதற்கு முன் அந்தக் கடலைப் பார்ப்பாள். "மாப்பிளயப் பாக்காம ஐஸப் பாத்துட்டு ஈக்கிறாய்" என்று நான் நக்கலடிப்பேன். சிரிப்பாள். பார்ப்பதை நிறுத்தமாட்டாள்.

அந்த வருஷம் ஐஸ் முந்திக்கொண்டது. நவம்பரிலேயே கடல் மூடத் தொடங்கியது. "சுத்திவர வெள்ளையா ஈக்கி மஸீனா, கப்பல் ஊருது" என்று ஹபீல் குரல் செய்தி அனுப்பினான். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. இயந்திர அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டதாகக் கப்பலிலிருந்து ஒரு அவசர அழைப்பு போயிருக்கிறது. அதோடு கப்பலின் மின்சாரம், வானொலி, எல்லாம் அடங்கிவிட்டன. பெரும் புயல் அடித்தது. புயல் ஓய்ந்த பின் ஒரு விமானம் போய்க் கப்பல் கடைசியாகக் கூப்பிட்ட இடத்தைச் சுற்றிப் பார்த்தது. அங்கே கப்பல் இல்லை. ஐஸ் மட்டும்தான்.

ஹபீலைக் கப்பலில் சேர்த்துவிட்ட கொழும்பு ஏஜன்ட் உம்மாவின் போனுக்குத்தான் அழைப்பு எடுத்தார். கப்பல் மூழ்கித் தாண்டுபோச்சு, ஒருத்தரும் மிஞ்சவில்லை, கம்பனி உறுதியாகச் சொல்லிவிட்டது என்றார். உம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே கதிரையில் இருந்தார். அழவில்லை. எனக்கு அவர் அழாததுதான் பயமாக இருந்தது.

மஸீனா மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. போனை எடுத்து ஏஜன்ட்டுக்கே திருப்பி அடித்தாள்.

"பிளேன் தப்பான எடத்துல தேடியீக்கி," என்றாள். "கப்பல் கடைசியா நிண்ட எடத்தப் பாத்தீக்காங்க. ஐஸ் அங்கயே நிக்குமா? புயல் அடிச்சா ஐஸ் நகரும். கப்பலையும் தூக்கிட்டுப் பெய்த்தீக்கும். படத்துல ஒரு புள்ளி ஈக்கி, நான் பாத்தன்."

"தங்கச்சி, எக்ஸ்பேர்ட் ஆக்கள் பிளேன்ல போய்ப் பாத்திருக்கு. நீங்க கண்டியில இருந்துகொண்டு என்னத்தப் பாக்கிற? போய் ஆக வேண்டியதப் பாருங்க," என்று ஏஜன்ட் வைத்துவிட்டார்.

அவள் விடவில்லை. அந்தக் கடலின் கரையில் ஐஸ் படம் வரைகிற நிலையத்தின் மின்னஞ்சலைத் தேடிப் பிடித்துப் படத்தை அனுப்பினாள். ஒற்றைப் படத்தில் தெரியும் ஒற்றைப் புள்ளி ஐஸ் மேடாகவும் இருக்கலாம், வெறும் படக்கோளாறாகவும் இருக்கலாம், இதை வைத்து விமானம் அனுப்ப முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

ஹஸ்ரத் வந்தார். "செய்தி உறுதியெண்டா இத்தா இருக்கோணும். சந்தேகமெண்டா பொறுத்துப் பாக்கலாம். எது எண்டு ஒங்களுக்குத்தான் தெரியும்," என்றார். உம்மாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. மகனுக்குச் செய்ய வேண்டிய கடமை ஒன்றாவது தவறக் கூடாது என்ற பிடிவாதம் அவருக்கு. அழமாட்டாத மனுஷிக்குப் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது?

அன்று மஸீனா என் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து தரையில் இருந்தாள்.

"மதினி, அவரு மவுத்தாகியீந்தா நான் இத்தா இருக்காதது அவருக்குச் செய்ற அநியாயம். ஹயாத்தோட ஈந்தா, நான் இருக்கிறது அவர நானே மவுத்தாக்கிற மாதிரி. எனக்கு ரெண்டுக்கும் பயமா ஈக்கி," என்றாள். "மாமிட சொல்லுக்கு நான் இருக்கிறன். ஆனா படத்த நீங்க பாக்கோணும். நான் உள்ள ஈக்கிற நாளெல்லாம் ஒருத்தரும் பாக்காம உட்டா, புள்ளி எங்க பெய்த்து எண்டு பொறகு ஒருத்தருக்கும் தெரியாமப் பெய்த்துரும்."

"எனக்கு அபாயாத் துணி வெட்டத் தெரியும். ஐஸப் பத்தி என்னத்தத் தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். எரிந்து விழுந்தது பயத்தில்தான்.

அவள் முதலில் எங்கள் ஊரைக் காட்டித்தான் படிப்பித்தாள். அந்தக் கடலில் குளிர்காலத்துக்குச் சூரியன் எழும்பாது. சாதாரணமாகப் படம் எடுத்தால் கரும்பலகைதான் வரும். ஆனால் ஒரு வகைச் செய்மதி தானே ஒரு அலையைக் கீழே அனுப்பி, பட்டுத் திரும்பி வருவதை வைத்துப் படம் போடுமாம். இருட்டும் மேகமும் அதைத் தடுக்காது. அதே செய்மதி எங்கள் தலைக்கு மேலாலும் போகிறது. அது எடுத்த படத்தில் விக்டோரியா நீர்த்தேக்கம் வழவழவென்று கறுப்பாகக் கிடந்தது. ஹுன்னஸ்கிரி மலைப்பக்கம் சொரசொரவென்று வெளுத்திருந்தது. கண்டி நகரம் உப்பு கொட்டியது மாதிரி மினுங்கியது.

"வழவழப்பா ஈந்தா கறுப்பு. கரடுமுரடா ஈந்தா வெள்ள. இரும்பு எல்லாத்தையும் விட வெள்ளையா அடிக்கும்," என்றாள். "அவரு இரும்புக்குள்ள ஈக்கார்."

பிறகு அந்தக் கடலைத் திறந்தாள். எங்கேயும் கரை இல்லை. சாம்பல் நிறத்தில் வெடித்து வெடித்துக் கிடந்த ஒரு தரை, முடிவே இல்லாமல். அதன் நடுவில், பெரிய ஐஸ் துண்டு ஒன்றின் ஓரத்தில், அந்தப் புள்ளி. இதற்குள்ளேயா என் தம்பி இருக்கிறான் என்று நினைத்தபோது போனைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் மஸீனா வெள்ளை உடுத்து உள்ளே போனாள். அறை வாசலில் திரை விழுந்தது.

எங்கள் வீடு சரிவில் இருக்கிறது, மழை பெய்தால் உள்ளே பெரிய படம் இறங்கும் அளவுக்குச் சிக்னல் எடுக்காது. மழைக்காலம் வேறு. குடையைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றுதான் மஸீனாவின் போனில் படத்தை இறக்குவேன். செய்மதி தினமும் அதே இடத்துக்கு மேலால் போகாது, இரண்டு மூன்று நாளுக்கு ஒருக்காத்தான் புதுப் படம் வரும். புதுப் படத்தில் எல்லாம் மாறிக் கிடக்கும். போன படத்தில் இருந்த வெடிப்பு இருக்காது. துண்டுகள் நகர்ந்து, திரும்பி, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடக்கும். முதல் முறை பார்த்தபோது புள்ளி இருந்த துண்டையே காணவில்லை. மழையில் நின்று யா அல்லாஹ் யா அல்லாஹ் என்று கத்தினேன், பக்கத்து வீட்டு யன்னல் திறந்தது.

பிறகு நிதானித்துப் பார்த்தேன். அந்தத் துண்டின் ஒரு பக்கம், சட்டையில் கை வைத்துத் தைக்கிற இடத்து வளைவு மாதிரி வெட்டுப்பட்டிருந்தது எனக்கு நினைவிருந்தது. வெட்டின துணியைத் தலைகீழாகப் போட்டாலும், புறம் திருப்பிப் போட்டாலும் இது கை, இது முதுகு என்று எனக்குத் தெரியும். இருபது வருஷமாக அதுதானே பிழைப்பு. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துண்டு அரைவாசி சுழன்று, நிறையத் தூரம் மேற்கே போயிருந்தது. அதே வளைவு. வளைவுக்குப் பக்கத்தில் அதே புள்ளி.

திரைக்கு வெளியே நின்று, "ஈக்கி," என்றேன்.

உள்ளே ஒரு பெருமூச்சு கேட்டது. அதைக் கேட்பதற்காகவே பிறகு ஒவ்வொரு முறையும் ஓடிவந்து சொன்னேன். என்ன பார்த்தேன் என்பதைச் சொல்லும்போது பதற்றத்தில் மறந்துவிடுவேனோ என்று ஒவ்வொரு படத்தையும் போனில் சேமித்தும் வைத்தேன்.

உம்மாவுக்கு இது தெரியாமல் இல்லை. ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "மவுத்தானவனத் தொரத்துறது பாவம் ரபீகா," என்றார். கொஞ்சம் கழித்து அவரே, "இண்டைக்கு ஈந்திச்சா?" என்று கேட்டார்.

டிசம்பர் பிறந்ததும் படம் வேறு மாதிரி வரத் தொடங்கியது. ஐஸில் வெள்ளை வெள்ளையாகத் தடித்த கோடுகள், தழும்பு மாதிரி. முதலில் தூரத்தில் இருந்தன. அடுத்த படத்தில் கிட்ட வந்தன.

மஸீனாவிடம் சொன்னேன்.

"கோடு எந்தப் பக்கம் மதினி? புள்ளிக்கு மேலயா கீழயா?"

"ரெண்டு பக்கமும்."

"அது காத்து நெருக்குறது," என்றாள். "துண்டும் துண்டும் முட்டி ஒடஞ்சி மேல ஏறுது. வீட்டு ஒசரம் வரும். நடுவுல கப்பல் மாட்டினா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அவள் முடிக்காததை நான் என் படுக்கையில் கிடந்து முடித்தேன். இரும்பு நெளிகிற சத்தம் எப்படி இருக்கும்? உள்ளே இருப்பவனுக்கு அது எந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்? எங்கள் மலைச்சரிவு வழுக்கும் என்று கிராம சேவகர் எச்சரிக்கை செய்துவிட்டுப் போயிருந்தார். மண் வந்தால் நாங்கள் எழுந்து ஓடுவோம். அவன் எங்கே ஓடுவான்?

அடுத்த படம் வந்த பகலில் மழை விட்டிருந்தது. நல்ல வெளிச்சம். படத்தைப் பெருப்பித்தேன். என் துண்டு உடைந்திருந்தது. கைவளைவு இருந்த இடத்தில் கட்டை விரல் தடிப்பில் ஒரு வெள்ளைத் தழும்பு ஓடியது. புள்ளி இல்லை. திருப்பிப் பார்த்தேன். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். புள்ளி இல்லை.

மாடியின் ஈரத்தில் அப்படியே இருந்துவிட்டேன். கீழே அவள் காத்திருக்கிறாள். இன்னும் படம் வரவில்லை என்று சொல்லலாம். இரண்டு நாள் தள்ளலாம். பிறகு? பிறகும் ஒரு பொய். பொய்யைச் சொல்லிக்கொண்டு படியிறங்க எனக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொல்லவும் தெம்பில்லை. எப்படியோ இறங்கித் திரைக்கு முன் வந்து நின்றேன்.

"மதினி?" என்றாள் மஸீனா. "மதினி, என்னண்டு செல்லுங்க."

நான் அழுதுவிட்டேன்.

திரை விலகியது. அவள் வெளியே வந்து என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். உம்மா அடுப்பை விட்டுக் குசினியிலிருந்து வந்து வாசலில் நின்றார். யாரும் யாரையும் தடுக்கவில்லை.

அவள் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, விரலால் இழுத்து இழுத்துப் பார்த்தாள். அவள் உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது. பிறகு நான் சேமித்து வைத்திருந்த பழைய படங்களைத் திறந்தாள். ஒன்று, அடுத்தது, அடுத்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இதெல்லாம் வெச்சீந்தீங்களா?"

"ம்."

"கோட்டுட வெளிச்சம் புள்ளிய முழுங்கியீக்கி. இங்க பாருங்க, கோட்டுக்குள்ள இந்த ஒரு எடம் மட்டும் கூட வெள்ள. அது கப்பலாவும் ஈக்கலாம். ஈக்கலாம் எண்டுதான் செல்றன். எனக்குத் தெரியா. ஆனா ஒரு படம் போதாது எண்டுதானே சென்னாங்க? இப்ப எத்தின படம் ஈக்கி! ஒரே புள்ளி, ஒரே துண்டு, ஒண்டாவே நகந்து வந்தீக்கி. படக்கோளாறு இப்பிடிக் கூட வருமா?"

"இத்தாவ முறிச்சிட்டாயே," என்றார் உம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார்.

"இத்தா தொடங்கவே இல்ல மாமி. தொடங்கியீந்தா அல்லாஹ் எனக்கு அதத் தெரியப்படுத்தட்டும்," என்றாள் மஸீனா. அந்த இடத்திலேயே தரையில் இருந்து, எல்லாப் படங்களையும் வரிசையாக வைத்து அந்த நிலையத்துக்கு எழுதினாள். துண்டு எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது, அடுத்து எங்கே இருக்கும் என்பதையும் எழுதினாள்.

அன்று மாலையே பதில் வந்தது. இம்முறை எழுதியவர் ஒரு பெண். எல்லாப் படங்களையும் தானும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்ததாக எழுதியிருந்தார். அது இரும்பாக இருக்க இடமுண்டு, முன்பு விமானம் தேடிய இடம் இதிலிருந்து மிகத் தூரம், வானம் தெளிந்ததும் விமானம் போகும் என்றார். உள்ளே ஆட்கள் உயிரோடு இருப்பார்கள் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தார்.

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு மஸீனா எழுந்து திரும்ப அறைக்குள் போனாள். வெள்ளையை மாற்றவில்லை. "புள்ளி ஈக்கி மதினி. ஆளு ஈக்கா எண்டு தெரியாதே," என்றாள். போனை மட்டும் கையோடு கொண்டுபோனாள். உம்மா தடுக்கவில்லை.

வானம் தெளியவில்லை. அங்கே புயல், இங்கே மழை. சோறு ஆக்கினோம், யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. போன் அடித்தால் மூன்று பேரும் விறைத்துப்போவோம். ஒரு தடவை அபாயா கேட்டு ஒரு வாடிக்கைக்காரி எடுத்தாள். அவளை நான் ஏசிய ஏச்சுக்கு இனி எங்கள் தெருப்பக்கம் வரமாட்டாள்.

கடைசியில் விமானம் போனது. சூட்டைப் பிடிக்கிற கமரா ஒன்று அதில் இருந்ததாம். அந்தப் பெண் படத்தை அனுப்பினார். கறுப்பு ஐஸ், அதில் சரிந்து கிடந்த கப்பல், அதுவும் கறுப்பு. ஐஸ் அதன் ஒரு பக்கத்தில் ஏறி நின்றது. பின்பக்கத்தில் ஒரு குழாய் வாயில் மட்டும் மஞ்சளாக ஒரு சொட்டுச் சூடு. அது குசினிப் புகைக்குழாய் என்று எழுதியிருந்தார்.

"அடுப்பு எரியுது!" என்று உம்மா கத்தினார். "எண்ட மகன்ட அடுப்பு!"

மஸீனா அசையவில்லை. "பசிச்சா யாரும் அடுப்புப் பத்த வெப்பாங்க மாமி," என்றாள் மெதுவாக. எனக்கு அவள் வாயில் ஒன்று போடலாம் போல வந்தது. அவள் சொன்னது சரி என்பதால்தான் அந்தக் கோபம்.

ஐஸ் உடைக்கும் கப்பல் ஒன்று புறப்பட்டுப் போனது. அது போய்ச் சேரும் வரை நாங்கள் எப்படி இருந்தோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஏஜன்ட் உம்மாவுக்கு மறுபடி எடுத்தார். குரலில் பழைய தடிப்பு இல்லை. ஆட்கள் கிடைத்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ், ஆனால் ஒருவர் தவறிவிட்டார், பெயர் இன்னும் வரவில்லை என்றார்.

ஒருவர். அந்தச் சொல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்களுடையவனாக இருக்கக் கூடாது என்று துஆ கேட்கப் போனால், அப்போது இன்னொருத்தியுடையவனாக இருக்கட்டும் என்றுதானே அர்த்தம் என்று எனக்குக் கை தூக்கக் கூசியது. தூக்கினேன்தான். எங்களுடையவனாக இருக்கக் கூடாது என்றே கேட்டேன்.

மதிய லுஹர் தொழுது முடிந்த நேரம் மஸீனாவின் போன் அடித்தது. தெரியாத இலக்கம், வீடியோ அழைப்பு. அவள் எடுக்காமல் அடிக்க விட்டாள். பிறகு, "என்னால ஏலா," என்று திரைக்கு வெளியே நீட்டினாள். நான் வாங்கினேன். என் விரல் மூன்று முறை வழுக்கியது.

ஒரு முகம் வந்தது. தாடி, வெடித்த உதடு, குளிர் தின்று கறுத்துப்போன மூக்கு நுனி. முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு அது, என் தம்பி என்னைக் கூப்பிடுகிற மாதிரி, "ராத்தா," என்றது.

உம்மா என் கையைப் பிடித்து இழுத்துப் போன் திரையில் முத்தமிட்டார். அப்போதுதான் அழுதார், ஊரே கேட்கும்படி அழுதார். ஹபீல் சிரித்துக்கொண்டிருந்தான். கைவிரல் இரண்டு போய்விட்டது, பரவாயில்லை, கரண்டி பிடிக்கலாம் என்றான். "மஸீனா எங்க? மஸீனாட்டக் குடுங்க," என்றான்.

அவள் அதற்குள் வெளியே ஓடி வந்துவிட்டாள். என் கையிலிருந்து போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தாள். எங்களில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் அவள் உடுத்திருந்த வெள்ளை நினைவில் இல்லை.

ஹபீலின் சிரிப்பு நின்றது.

"யாரு மவுத்து?" என்றான்.

அவன் கண்கள் அவள் தோளுக்குப் பின்னால் எங்களைத் தேடின. உம்மா அங்கேயே நின்றார். நான் நின்றேன். வாப்பா போய்ப் பல வருஷம். இத்தா வெள்ளை உடுத்து நின்றவள் அவனுடைய மனைவி. அத்தனை நாள் இருட்டில், இரும்பு நெளியும் சத்தத்துக்குள் அடுப்பெரித்துக்கொண்டிருந்தவனின் முகத்தில், அப்போதுதான் பயம் ஏறியதைப் பார்த்தேன்.

"எனக்கா?" என்றான்.

"ஓ," என்று தலையசைத்தாள் மஸீனா.